அணைந்த அகல்களை எண்ணுதல்: கோளக விண்மீன் கொத்து என்றால் என்ன?

குப்பத்தில் மே மாதம் என்றால் கங்கம்மா ஜாத்திரை. தெருவெல்லாம் சரவிளக்கு, மூலைக்கு மூலை ஒலிபெருக்கி. வானம் பார்க்கிறவனுக்கு அந்த நாட்கள் ஆகாதவை. அப்படி ஓர் இரவில் அக்கா மகளை அழைத்துக்கொண்டு ஊருக்குத் தெற்கே, மழைக்குக் காத்துக் கிடக்கும் மானாவாரிக் கடலைக் காடுகளைத் தாண்டி இருக்கும் மொட்டைப் பாறைக்குப் போய்விட்டேன். இன்டர் முதலாண்டு முடித்துவிட்டு விடுமுறையில் இருந்தாள் அவள். தமிழ்நாட்டுக் கணக்கில் பிளஸ் ஒன். எங்கள் ஊர் ஆந்திரத்தில் இருந்தாலும் தெற்கே கொஞ்ச தூரத்தில் பர்கூர் வந்துவிடும். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, பெங்களூர் ரயிலில் கன்னடம் என்று வளர்கிற பிள்ளைகள் இவர்கள்.

பைனாகுலரைத் தெற்கு வானில் ஓர் இடத்துக்குத் திருப்பிக் கொடுத்தேன். சற்று நேரம் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

"கண்ணாடியில் மூச்சுக்காற்று பட்டிருக்கிறது மாமா. ஓர் இடத்தில் மட்டும் மங்கலாகத் தெரிகிறது, துடைத்துக் கொடுங்கள்."

கண்ணாடியில் ஒன்றும் இல்லை. அவள் பார்த்த அந்த மங்கல் சுமார் ஒரு கோடி சூரியன்கள். அதன் பெயர் ஒமேகா செண்டாரி. நமக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு தூரம்; ஒளி ஓராண்டில் ஓடும் தூரமே ஓர் ஒளியாண்டு. கோளக விண்மீன் கொத்து என்று சொல்லப்படும் வகையில் நம் பால்வீதி வைத்திருப்பவற்றில் இதுவே பெரியது. அன்று பாறைமேல் உட்கார்ந்து அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் அதைக் கண்டுபிடிக்கும் வழி. சித்திரை நட்சத்திரத்தைத் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். சித்திரை மாதக் கடைசியில், இரவு பத்து மணி வாக்கில், சித்திரை தெற்குப் பக்கம் உச்சிக்குச் சற்றுக் கீழே நிற்கும். அங்கிருந்து நேராகக் கீழே இறங்க வேண்டும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அது வானில் ஏறத்தாழ பத்து பாகை. மூன்றரை முஷ்டி இறங்கினால் ஒமேகா செண்டாரி. எங்கள் ஊரிலிருந்து அடிவானத்துக்கு மேல் முப்பது பாகை உயரத்தில் இருக்கும். கன்னியாகுமரிக்காரர்களுக்கு இன்னும் ஐந்து பாகை கூடுதல் பாக்கியம். லண்டனில் இருப்பவருக்கு அது எழுவதே இல்லை. வானியலில் நமக்கு இடத்தால் வாய்த்த சலுகைகள் சில உண்டு, அவற்றில் இது ஒன்று. சித்திரா பௌர்ணமியன்று மட்டும் தேடாதீர்கள். நிலா அந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கழுவிவிடும்.

வெறுங்கண்ணுக்கு அது கொஞ்சம் சோகை பிடித்த ஒரு நட்சத்திரம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி அதை நட்சத்திரமாகவே பட்டியலிட்டார். 1603இல் பேயர் அதற்கு 'ஒமேகா' என்று எழுத்துக் கொடுத்ததும் நட்சத்திரம் என்று நம்பித்தான்; அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. 1677இல் எட்மண்ட் ஹாலி, வால்மீனுக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலி, செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்து இது நட்சத்திரம் இல்லை, ஏதோ புகைபோன்ற பொருள் என்று குறித்தார். புகைக்குள் தனித்தனி விண்மீன்கள் இருப்பது தெரிய நல்ல தொலைநோக்கிகள் வர வேண்டியிருந்தது. 1780களில் வில்லியம் ஹெர்ஷல் இப்படிப்பட்ட பல மங்கல்களை விண்மீன்களாகப் பிரித்துப் பார்த்தார். கோளகக் கொத்து என்ற பொருளில் பெயர் வைத்தவரும் அவரே.

ஆக, கோளகக் கொத்து என்பது பல்லாயிரத்திலிருந்து பல லட்சம் விண்மீன்கள் வரை, அபூர்வமாக ஒரு கோடி வரை, தங்கள் ஈர்ப்பினாலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு உருண்டையாகத் திரண்டிருப்பது. ரவா லட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: நடுவில் இறுக்கம், ஓரத்தில் உதிரும் ரவை. பொதுவாக நூறு, இருநூறு ஒளியாண்டு அகலம். பால்வீதியில் இதுபோன்றவை 150க்கு மேல் தெரிந்திருக்கின்றன. பால்வீதிக்குப் பக்கத்து விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமீடாவில் சில நூறு. எம்87 என்ற பூதாகரமான விண்மீன் மண்டலத்தில் பத்தாயிரத்துக்கும் மேல்.

"இவ்வளவு நெருக்கத்தில் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாதா?" என்றாள். கேட்க வேண்டிய கேள்விதான். காட்டில் கிடந்த ஒரு கடலைப் பருப்பை எடுத்துக் காட்டினேன். சூரியன் இந்தப் பருப்பு அளவு, அதாவது ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நமக்கு மிக அருகிலுள்ள அடுத்த விண்மீன் 290 கிலோமீட்டருக்கு அப்பால். குப்பத்திலிருந்து கிழக்கே போனால் சென்னையையும் தாண்டி வங்கக் கடலுக்குள் போய்விடும். இடையில் வேறொரு பருப்புக் கிடையாது. ஒமேகா செண்டாரியின் நடுப்பகுதியில் விண்மீன்களுக்கு இடையிலான தூரம் சராசரியாக ஒளியாண்டில் பத்தில் ஒரு பங்கு. நம் கணக்கில் ஏழு கிலோமீட்டருக்கு ஒரு பருப்பு. நம் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டால் பயங்கரமான நெரிசல்; பருப்பின் அளவோடு ஒப்பிட்டால் இன்னும் வெட்டவெளிதான். பருப்பும் பருப்பும் நேருக்கு நேர் மோதுவது மிக அரிது. ஆனால் ஆயிரம் கோடி ஆண்டு கால அவகாசம் கொடுத்தால் அரிதானதும் நடந்துவிடும், அதற்குப் பிறகு வருகிறேன்.

அங்கே ஒரு கோள் இருந்து, அதில் நாம் நின்றால் இரவு எப்படி இருக்கும்? நடுப்பகுதியில் எல்லா விண்மீன்களின் ஒளியையும் கூட்டினால் நம் பௌர்ணமி வெளிச்சத்துக்குக் குறையாது. அமாவாசையே வராத ஊர். வானியலாளராகப் பிறக்க மிக மோசமான இடம் என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டு வெளிச்சத்தில் அடுத்த தெரு தெரியாது.

விளக்கைச் சுற்றும் ஈசல் கூட்டம் போல என்று இதைச் சிலர் விளக்குவதுண்டு. எனக்கு அந்த உவமையில் ஒரு குறை உண்டு: கொத்தின் நடுவில் விளக்கு இல்லை. சூரியனைச் சுற்றிக் கோள்கள் ஓடுவது போல அங்கே ஒரு தலைவனைச் சுற்றி எவரும் ஓடவில்லை. ஒவ்வொரு விண்மீனையும் மற்ற எல்லா விண்மீன்களும் சேர்ந்து இழுக்கின்றன. அது நடுப்பகுதி வழியாகப் பாய்ந்து, மறுபக்கம் போய், வேகம் தளர்ந்து, திரும்பி விழும். வினாடிக்குச் சில கிலோமீட்டர் முதல் பத்து, இருபது கிலோமீட்டர் வரை வேகம். இந்த ஓட்டம்தான் கொத்து உள்ளே சரிந்துவிடாமல் காக்கிறது. ஈசலிலிருந்து விளக்கை எடுத்துவிட்டால் உவமை சரியாகிவிடும்.

இனி, ஏன் இதற்காக வானியலாளர்கள் நூறு ஆண்டுக்கும் மேலாக மாய்ந்து மாய்ந்து உழைக்கிறார்கள் என்ற இடத்துக்கு வருவோம். விண்மீன் கொத்து என்றதும் நமக்குத் தெரிந்தது கார்த்திகை, அறுமீன். அதுவும் கொத்துதான், வகை வேறு. அதைத் திறந்த கொத்து என்பார்கள். ஆயிரம் சொச்சம் விண்மீன்கள், 440 ஒளியாண்டு தூரம், வயது பத்துக் கோடி ஆண்டுகள். வானக் கணக்கில் இது கைக்குழந்தை. அதில் வெறுங்கண்ணுக்குத் தெரிபவை எல்லாம் நீலம் பாய்ந்த, கொதிக்கும் விண்மீன்கள். ஒமேகா செண்டாரி போன்ற கோளகக் கொத்தில் அப்படி நீலமாய் எரியும் கனத்த விண்மீன்கள் கிடையாது. அதன் பிரகாசமான விண்மீன்கள் சிவப்பும் ஆரஞ்சுமாக ஊதிப்போன கிழட்டு விண்மீன்கள். இந்த நிற வித்தியாசம்தான் எல்லாவற்றுக்கும் திறவுகோல்.

கார்த்திகைத் தீபத்தன்று எங்கள் வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு அகல் ஏற்றுவார்கள். அடுத்த தெருத் தெலுங்கு வீடுகளில் அந்த மாதம் முழுவதும் விளக்குதான். எங்கள் வீட்டு வாசலில் எல்லா அகலும் ஒரே அளவில் இருக்காது. பெரிய அகலில் எண்ணெய் நிறைய, ஆனால் திரி விரல் தடிமன்; தகதகவென்று எரியும். சின்ன அகலில் எண்ணெய் கொஞ்சம், திரியோ நூல் போல, மினுக்மினுக்கென்று முணுமுணுக்கும். எது முதலில் அணையும்? பெரிய அகல்தான். எண்ணெய் இரண்டு பங்கு இருந்தாலும் செலவு பத்துப் பங்கு. இரவு பத்து மணிக்கு வாசலுக்கு வந்து பார்ப்பவர், கடிகாரம் இல்லாமலேயே, எந்த அளவுத் திரி வரை அணைந்திருக்கிறது என்று பார்த்து எப்போது ஏற்றினார்கள் என்று சொல்லிவிடலாம்.

விண்மீன்களும் அப்படியே. சூரியனைப் போல் பத்து மடங்கு நிறையுள்ள விண்மீனிடம் எரிபொருள் பத்து மடங்கு. ஆனால் அது ஒளியை வாரி இறைப்பது ஆயிரக்கணக்கான மடங்கு. இரண்டு மூன்று கோடி ஆண்டுகளில் கதை முடிந்துவிடும். சூரியன் ஏறத்தாழ ஆயிரம் கோடி ஆண்டு தாங்கும். அதில் 460 கோடி கழிந்தாயிற்று. சூரியனைவிடச் சிறியவை அதற்கும் மேல் நிதானமாக எரியும். கார்த்திகையில் பெரிய திரிகள் இன்னும் எரிகின்றன, ஆகவே ஏற்றி அதிக நேரம் ஆகவில்லை. கோளகக் கொத்துகளில் சூரியனில் ஐந்தில் நான்கு பங்கு நிறையுள்ள விண்மீன்களே இப்போது அணையும் கட்டத்தில் இருக்கின்றன. அதற்கு மேற்பட்ட எல்லாத் திரிகளும் எப்போதோ கருகிவிட்டன. கணக்குப் போட்டால் வயது 1200 முதல் 1300 கோடி ஆண்டுகள். அண்டத்தின் வயதே 1380 கோடிதான். அண்டம் பிறந்து முதல் சில சாமங்களுக்குள் ஏற்றிய விளக்குகள் இவை.

இந்த வித்தை தனி விண்மீனிடம் பலிக்காது. வானில் தனியாக நிற்கும் ஒரு விண்மீன் மங்கலாகத் தெரிந்தால், அது உண்மையிலேயே சிறியதா, பெரியதாக இருந்து தூரத்தில் இருக்கிறதா என்று தெரியாது. கொத்தில் உள்ள அத்தனையும் நமக்கு ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கின்றன. பதினேழாயிரம் ஒளியாண்டுக்கு முன் நூறு ஒளியாண்டு வித்தியாசம் பொருட்டே இல்லை. ஆகவே மங்கலாகத் தெரிவது மெய்யாகவே மங்கல். தூரமும் ஒன்று, ஏற்றிய நேரமும் ஒன்று, எண்ணெயும் ஒரே செக்கில் ஆட்டியது. மாறுபடுவது திரியின் தடிமன் மட்டும். ஆய்வுக்கூடத்தில் நாமே ஏற்பாடு செய்தாலும் இவ்வளவு சுத்தமான பரிசோதனை அமையாது. கொத்தின் ஒவ்வொரு விண்மீனுக்கும் நிறத்தை ஒரு பக்கமும் ஒளிர்வை மறுபக்கமும் வைத்துப் புள்ளி குத்தினால், எரியும் விண்மீன்கள் ஒரு சாய்ந்த கோட்டில் வரிசையாக நிற்கும். அணையத் தொடங்கும் இடத்தில் கோடு வலப்பக்கம் மடங்கும். அந்த மடங்கும் முனைதான் கடிகார முள். விண்மீன்கள் எப்படி வளர்ந்து முதிர்ந்து சாகின்றன என்று இன்று பாடப் புத்தகத்தில் படிப்பதில் பெரும்பகுதி, இந்தப் புள்ளிக் கோலத்தைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தது.

இன்னொரு கடிகாரமும் உண்டு. அணைந்த அகலைத் தொட்டுப் பாருங்கள். சூடு எவ்வளவு தணிந்திருக்கிறதோ அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. சூரியன் போன்ற விண்மீன்கள் எரிந்து முடிந்ததும் வெண்குறளி என்ற தணலை விட்டுச் செல்லும். அது புதிதாக எதையும் எரிப்பதில்லை, ஆறிக்கொண்டே இருக்கும். ஹப்பிள் தொலைநோக்கி எம்4 என்ற கொத்தை மொத்தம் எட்டு நாள் அளவுக்கு உற்றுப் பார்த்து, அதிலுள்ள மிக மங்கலான, மிக ஆறிப்போன வெண்குறளிகளைத் தேடி எடுத்தது. 2002இல் வந்த கணக்குப்படி அவற்றின் வயது 1200, 1300 கோடி ஆண்டுகளுக்கு இடையில். முற்றிலும் வேறு வழியில் போனாலும் அதே வாசலில் வந்து நின்றது. இந்த எம்4, நம் கேட்டை நட்சத்திரத்தை ஒட்டியே இருக்கிறது.

எல்லாம் இப்படிச் சுமுகமாக வந்துவிடவில்லை. 1990களின் முற்பாதியில் வானியலில் ஒரு வெட்கக்கேடு நடந்தது. கொத்துகளின் வயது 1500 கோடி, சிலர் கணக்கில் அதற்கும் மேல். அண்டம் விரியும் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால் அண்டத்துக்கே வயது 1000 கோடி சொச்சம். தாயைவிடப் பிள்ளை மூத்தது! எங்கோ தவறு, எங்கே என்று தெரியவில்லை. தீர்வு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. 1997இல், விண்மீன்களின் தூரத்தை அளந்த ஹிப்பார்கஸ் செயற்கைக்கோளின் அளவீடுகள் வெளியானபோது, கொத்துகள் நினைத்ததைவிடச் சற்றுத் தொலைவில் இருப்பதாகத் தெரிந்தது. தொலைவில் இருந்தும் இவ்வளவு தெரிகிறது என்றால் திரி நாம் நினைத்ததைவிடத் தடிமன். தடித்த திரி சீக்கிரம் அணையும். ஆகவே வயது குறைவு. அடுத்த ஆண்டே, அண்டத்தின் விரிவு முடுகிக்கொண்டு போகிறது என்ற கண்டுபிடிப்பு வந்தது. அதைச் சேர்த்ததும் அண்டத்தின் வயது கூடியது. பிள்ளை இளைத்து, தாய் முதிர்ந்து, குடும்பம் ஒழுங்குக்கு வந்தது. ஒரு கோட்பாட்டைக் கேள்வி கேட்கும் உரிமை இந்த மங்கலான புகைக்கு இருந்தது என்பதுதான் எனக்கு அதில் பிடித்த விஷயம்.

நம் முகவரியைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் கோளகக் கொத்துகளே. நூறு ஆண்டுக்கு முன்வரை, பால்வீதியின் நடுவில் சூரியன் இருப்பதாகப் பலரும் நம்பினார்கள். எந்தப் பக்கம் எண்ணினாலும் விண்மீன்கள் ஏறக்குறைய ஒரே அளவில் தெரிந்ததே காரணம். ஜாத்திரைக் கூட்டத்தில் சிக்கிய சிறுவனின் நிலை அது. நாலாபக்கமும் பெரியவர்களின் இடுப்பும் முதுகும். அவன்தான் கூட்டத்துக்கு நடு என்று தோன்றும். கோயில் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமானால் அவன் தலையை நிமிர்த்தி, கூட்டத்துக்கு மேலே மிதக்கும் பலூன்களைப் பார்க்க வேண்டும். பலூன் வியாபாரிகள் எங்கே மொய்க்கிறார்களோ அங்கேதான் கோயில்.

அமெரிக்க வானியலாளர் ஹார்லோ ஷாப்லி பார்த்த பலூன்கள் கோளகக் கொத்துகள். பால்வீதியின் தட்டு தூசியும் புகையுமாக இருக்க, கொத்துகளோ அந்தத் தட்டுக்கு மேலும் கீழும் பரந்து நிற்கின்றன. அவருக்கு முன்பே சோலன் பெய்லி என்பவர் பெரு நாட்டின் அரெகிபாவில் எடுத்த ஒளிப்படத் தகடுகளை ஆராய்ந்து, கொத்துகளுக்குள் அரை நாளுக்கு ஒருமுறை ஒளி கூடிக் குறையும் விண்மீன்கள் ஏராளமாக இருப்பதைக் கண்டிருந்தார். இன்று ஆர்.ஆர். லைரே வகை என்கிறோம். அவற்றின் உண்மையான ஒளிர்வு ஏறத்தாழ ஒன்றுபோல இருப்பதால், எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தைச் சொல்லலாம். ஷாப்லி மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் இருந்துகொண்டு கொத்து கொத்தாகத் தூரம் அளந்தார். பெரும்பாலானவை தனுசு, விருச்சிகம் பக்கமே குவிந்திருந்தன. 1918 வாக்கில் அவர் முடிவுக்கு வந்தார்: பால்வீதியின் நடு அந்தப் பக்கம் இருக்கிறது, நாம் புறநகரில் குடியிருக்கிறோம். இடையிலுள்ள தூசி ஒளியை மங்கச் செய்வதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால் தூரம் இன்றைய கணக்கைவிட இரண்டு மடங்குக்கும் மேல் போய்விட்டது. இன்று அதை 26,000 ஒளியாண்டு என்கிறோம். அளவு தப்பியது, திசை தப்பவில்லை.

இவை பழையவை என்பதற்கு விண்மீன்களின் ஒளியை நிறப்பிரித்துப் பார்த்தாலும் சாட்சி கிடைக்கும். ஹைட்ரஜன், ஹீலியம் தவிர மற்ற எல்லாவற்றையும் வானியலாளர்கள் 'உலோகம்' என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்கள். ஆக்சிஜனும் உலோகமாம், வேதியியல் ஆசிரியர்கள் மன்னிப்பார்களாக. அந்த உலோகங்கள் விண்மீன்களுக்குள் வெந்து, அவை வெடிக்கும்போது வெளியே சிதறி, அடுத்த தலைமுறைக்கு உரமாகின்றன. கோளகக் கொத்துகளில் சூரியனில் இருப்பதில் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்ற அளவில்தான் உலோகம் இருக்கிறது. உரம் சேருமுன் கன்னிநிலத்தில் முளைத்த பயிர். இன்று அங்கே புது விண்மீன் பிறக்க வாயுவும் மிச்சமில்லை.

உள்ளே நடக்கும் கூத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. எங்கள் ஊரில் கடலையை முறத்தில் புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கனத்த பருப்புத் தங்க, சொத்தையும் தோலும் ஓரத்துக்குப் போய் வெளியே பறக்கும். கொத்துக்குள்ளும் ஒரு புடைப்பு நடக்கிறது. விண்மீன்கள் ஒன்றையொன்று கடக்கும்போது ஈர்ப்பினால் வேகத்தைப் பரிமாறிக்கொள்கின்றன. கனத்தவை வேகத்தை இழந்து நடுவுக்கு இறங்குகின்றன. இலேசானவை வேகம் பெற்று ஓரத்துக்கு ஒதுங்குகின்றன, சில கொத்தைவிட்டே தப்பிவிடுகின்றன. பால்வீதியின் இழுப்பும் சேர்ந்துகொள்ளும். பாலோமார் 5 என்ற கொத்து இப்படி உதிர்ந்து உதிர்ந்து, முன்னும் பின்னும் நீண்ட வால்களோடு தேய்ந்துகொண்டிருக்கிறது.

நடுவில் கூடும் கனத்தவர்கள் சும்மா இருப்பதில்லை. 1953இல் ஆலன் சாண்டேஜ் எம்3 கொத்தில் ஒரு வினோதத்தைக் கண்டார்: அணைந்திருக்க வேண்டிய அளவுள்ள நீல விண்மீன்கள் சில இளமையாய் எரிந்துகொண்டிருந்தன. அகல் கணக்கே பொய்யோ என்று பயப்பட வேண்டாம். அணையப் போகும் ஓர் அகலில் பக்கத்து அகலின் எண்ணெயை ஊற்றிவிட்டால் அது மறுபடி சுடர்விடும் அல்லவா? இரண்டு விண்மீன்கள் மோதி ஒன்றானாலோ, இணையாகச் சுற்றும் இரண்டில் ஒன்று மற்றதை உறிஞ்சினாலோ இப்படித்தான். அரிதானதும் நடக்கும் என்று முன்பு சொன்னேனே, அது இதுதான். செத்த விண்மீனின் கரு இறுகி, சுழன்றபடி ரேடியோத் துடிப்புகளை வீசுவது பல்சர், அதாவது துடிப்பு விண்மீன்; அவையும் கொத்துகளில் தாராளம். டெர்சான் 5 கொத்தில் உள்ள ஒன்று வினாடிக்கு 716 முறை சுழல்கிறது. புனேக்கு அருகிலுள்ள ராட்சத மீட்டரலை ரேடியோ தொலைநோக்கியும் என்.ஜி.சி. 1851 என்ற கொத்துக்குள் ஒரு பல்சரைக் கண்டுபிடித்திருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, எல்லா அகலும் ஒரே நேரத்தில் ஏற்றியவை என்று நான் சொன்னதில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். தோராயமாக அது சரி. ஆனால் கூர்ந்து பார்த்தால் பெரும்பாலான கோளகக் கொத்துகளில் வேதிக் கலவை வேறுபட்ட இரண்டு மூன்று வகை விண்மீன்கள் கலந்திருக்கின்றன. ஒரே செக்கு எண்ணெய் என்று நினைத்த இடத்தில் இரண்டு செக்கு. இது எப்படி நேர்ந்தது என்பதில் வல்லுநர்களிடையே இன்னும் சண்டை ஓயவில்லை. நம் ஒமேகா செண்டாரி இதில் எல்லாரையும் மிஞ்சுகிறது. அதில் பல தலைமுறைகள். அது உண்மையில் கொத்தே இல்லை, முன்பு ஒரு சிறிய விண்மீன் மண்டலமாக இருந்து, பால்வீதியிடம் சிக்கி, சதையெல்லாம் உரிக்கப்பட்டு மிஞ்சிய கொட்டை என்று பலர் கருதுகிறார்கள். பலாப்பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் போட்டது போல.

அந்தக் கருத்துக்கு 2024இல் ஒரு வலு கிடைத்தது. ஹப்பிள் இருபது ஆண்டுகளில் எடுத்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, பதினான்கு லட்சம் விண்மீன்களின் நகர்வை அளந்தார்கள். மையத்துக்கு மிக அருகில் ஏழு விண்மீன்கள் மட்டும் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தன. அந்த வேகத்துக்கு அவை எப்போதோ கொத்தைவிட்டு ஓடியிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. குறைந்தது 8,200 சூரியன்களின் நிறையுள்ள கருந்துளை அது என்பது அவர்கள் முடிவு. விண்மீன் இறந்து உண்டாகும் சிறிய கருந்துளைகளும் தெரியும், மண்டலங்களின் நடுவில் இருக்கும் லட்சம், கோடி சூரிய நிறையுள்ளவையும் தெரியும். இரண்டுக்கும் இடைப்பட்டவைதான் கையில் சிக்காமல் இருந்தன. ஈசல் உவமையில் விளக்கு இல்லை என்று சொன்னேன். ஒமேகா செண்டாரியில் மட்டும் அணைந்த விளக்கு ஒன்று இருக்கிறது போலும். ஆனால் ஒரு கோடி விண்மீன்களுக்கு முன் அது சிறு எடைதான், பெரும்பாலான விண்மீன்களுக்கு அது இருப்பதே தெரியாது.

"இதையெல்லாம் வெள்ளைக்காரர்கள்தான் பார்க்கிறார்களா?" என்று கேட்டாள். தென்கிழக்கே கையைக் காட்டினேன். ஏலகிரிக்கு அப்பால், ஜவ்வாது மலையில் காவலூர். அங்கே 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. அதை நடத்தும் பெங்களூர் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தினர், ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புறஊதாத் தொலைநோக்கி எடுத்த படங்களைக் கொண்டு ஒமேகா செண்டாரியின் சூடான விண்மீன்களை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்டது நம் ஆந்திரக் கரையிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. புறஊதாவில் பார்த்தால் சிவப்புக் கிழங்களின் கூச்சல் அடங்கிவிடும்; கூட்டத்தில் ஒளிந்திருக்கும் சூடான சிலர் மட்டும் தனித்துத் தெரிவார்கள்.

அவள் மறுபடி பைனாகுலரை வாங்கிக்கொண்டாள். பாறையில் முழங்கையை ஊன்றிக்கொள்ளச் சொன்னேன்; கை நடுங்கினால் புகை இன்னும் புகையாகும். ஆறு அங்குலத் தொலைநோக்கி இருந்தால் ஓரங்களில் ரவை ரவையாகப் பிரிந்து தெரியும் என்றேன். என்னிடம் அது இல்லை. நேராகப் பார்க்காமல் சற்றுப் பக்கவாட்டில் பார்வையை வைத்தால் மங்கலான பொருள் நன்றாகத் தெரியும் என்பதையும் சொல்லிக் கொடுத்தேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை அவள்.

"ஓரம் மங்கிக்கொண்டே போகிறது மாமா, எங்கே முடிகிறது என்று கோடு போட முடியவில்லை" என்றாள் கடைசியில். ஊரில் ஒலிபெருக்கி ஓய்ந்து நாங்கள் கீழே இறங்கியபோது அது கிருஷ்ணகிரிப் பக்கம் சாய்ந்துவிட்டிருந்தது.